எர்லாங்கன் திருவிழாவும் கிரௌலையரும்

என் தம்பி மகன் ஜெர்மனி தேசத்து எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம்பெற்றான் என்ற செய்தி, சிங்கப்பெருமாள் கோவிலில் உள்ள எங்கள் இல்லத்திற்கு எட்டியபொழுது, மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் உடன்புகுந்தது. அவ்வூர் பீர்த் திருவிழாவிற்குப் பெயர்போனது என்று எவரோ வந்து ஓதிவிட்டனர். அவன் தாய் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. பின்னர் ஒரு பெந்தெகொஸ்தே பண்டிகைக் காலத்தில் யானே அவ்வூர் சென்று காணும் வாய்ப்புப் பெற்றேன். கண்டதையும், கண்டபின் எண்ணியதையும், நம் கல்லூரி மாணவர் பலர் அந்நாட்டிற்குப் புறப்படும் இக்காலத்தில் எடுத்துரைப்பது பழைய மாணவனாகிய என் கடன் எனக் கருதுகிறேன்.

எர்லாங்கன், பவேரிய மாநிலத்தில் நூரம்பர்க் மாநகருக்கு வடக்கே, அதற்கு அணித்தாக உள்ளது. பிரான்சு நாட்டில் சமயக் கொடுமைக்கு ஆளாகி வெளியேறிய ஹ்யூகனாட்டுகள் என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக, 1686ஆம் ஆண்டு அங்கே ஒரு புதுநகர் எழுப்பப்பட்டது. 1743ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் அமைந்தது. மின்னியல் பயிலும் மாணவர் நாள்தோறும் பெயர் சொல்லும் ஓம் என்பார் 1789இல் பிறந்ததும், கணித மேதை எம்மி நோத்தர் அம்மையார் 1882இல் பிறந்ததும் அந்நகரிலேயே. ஓர் ஊருக்கு இவ்வளவு புகழ் போதாதா? எனினும், எர்லாங்கன் என்றதும் அயலார் பலர் நினைவிற்கு வருவது அவ்வூர்த் திருவிழாவே.

அத்திருவிழாவின் பெயர் பெர்க்கிர்ச்வை. பெர்க் என்பது மலை. கிர்ச்வை என்பது கோயிற் பிரதிஷ்டை. ஆகவே, மலையடியில் நடைபெறும் பிரதிஷ்டைத் திருவிழா என்பதே அதன் பொருள். 1755 முதல் வழங்கிவரும் இவ்விழா, பெந்தெகொஸ்தேக்கு முந்திய வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நகரத் தலைவர் முதற் பீப்பாயைத் திறந்துவைக்கத் தொடங்கிப் பன்னிரண்டு நாள் நீடிக்கிறது. பண்டிகைக்கு அடுத்த செவ்வாயன்று பல்கலைக்கழகத்திலும் வகுப்புகள் இல்லை. இறுதி நாளில் ஒரு பீப்பாயைக் குழிதோண்டிப் புதைத்து, கைக்குட்டை அசைத்துப் பாடி விடைகொடுக்கின்றனர்.

விழா நிகழும் குன்றின் வயிற்றில் நீண்ட குகைகள் குடையப்பட்டுள்ளன. பனிக்கட்டிப் பொறிகள் தோன்றாத காலத்தில் பீரைக் கெடாது காக்க மலையின் இயற்கைக் குளிர்ச்சியே துணை. 1870களில் கார்ல் ஃபொன் லிண்டே என்னும் ஜெர்மானியர் குளிரூட்டும் பொறியை இயற்றிய பின்னரே இத்தகைய குகைகளின் தேவை குறைந்தது. அக்குகை வாயிலில் நின்றபொழுது எங்கள் ஊர் நினைவு வந்தது. எங்கள் ஊரிலும் குன்றுண்டு, குடைவரையுமுண்டு. பாடலாத்ரி நரசிம்மர் பாறையிலேயே உருக்கொண்டிருத்தலால், அவரை வலம் வர விழைவோர் குன்றையே வலம் வருவர். நாம் கடவுளுக்காகக் குடைந்தோம், இவர்கள் குடத்திற்காகக் குடைந்தார்கள் என்று முதலில் இறுமாந்தேன். ஆயின் மரநிழலில் பாட்டனும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்திருந்ததையும், இராட்டினத்தில் சிறுவர் ஆரவாரித்ததையும், வெளியூர் சென்ற பிள்ளைகள் விழாவிற்கென்றே வீடு திரும்பியிருந்ததையும் கண்டபின் அவ்விறுமாப்புத் தணிந்தது. திருவிழா என்பது ஊர் தன்னைத் தான் கூட்டிக்கொள்ளும் நாள். அது எங்கும் ஒன்றே.

குடித்தவர் அனைவரும் ஒழுங்காய் இருந்தனர் என்று யான் சான்று பகரேன். இருள் கவிந்தபின் தள்ளாடியவரையும் கண்டேன். ஆனால் தம்பி மகன், "நான் குடிப்பதில்லை" என்று சொன்னபொழுது அவன் தோழர் எவரும் நகைக்கவில்லை, வற்புறுத்தவுமில்லை. ஒருவன் எழுந்துபோய் ஆப்பிட்பழச் சாறு வாங்கிவந்து அவன் முன் வைத்தான், பேச்சுத் தொடர்ந்தது. "பெரியப்பா, முதல் ஆண்டு இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் மிகவும் அஞ்சினேன்" என்றான் அவன்.

ஈண்டு நம்மவர் இருசாரார் கொள்கையை ஆராய்தல் வேண்டும். "மேனாட்டார் குடியர், அங்குச் செல்பவன் கெடுவான்" என்பர் ஒருசாரார். குடி நமக்குப் புதிதன்று. கள் நம் நாட்டில் இல்லாதிருப்பின், வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்திருக்க வேண்டுவதில்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது; 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசின் நிறுவனமே. இந்நிலையில் அயலூர்க் குன்றை நோக்கிக் கைந்நீட்டுதல் தகுமோ? "குடித்தாலன்றோ அவரோடு பழகலாம், அறிவாளிகள் நாடே குடிக்கிறதே" என்பர் மற்றொரு சாரார். ஓம் என்பாரையும் நோத்தர் அம்மையாரையும் உலகறியச் செய்தது நூலகத்து விளக்கேயன்றி, மலையடிப் பீப்பாயன்று. ஒரு நாட்டாரின் எளிய பழக்கத்தைப் பற்றிக்கொண்டு அவர்தம் அரிய உழைப்பை விட்டுவிடுதல் உமிகொண்டு அரிசி விடுத்தலாம்.

ஆயின், அயல்நாட்டாரோடு பழகும் முறைதான் யாது? அதனைக் கற்பித்தவர் அந்நகரிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் கார்ல் கிரௌலையர். 1814இல் பிறந்த இவர், லைப்சிக் மிஷனின் தலைவராயிருந்து, தொண்டர்கள் பல்கலைக்கழகக் கல்வி பெறுதல் வேண்டுமென்று 1848இல் அச்சங்கத்தை டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் நகருக்கு மாற்றினார். 1849இல் பயணம் புறப்பட்டுத் தமிழகம் வந்து, தமிழை முயன்று கற்று, 1853இல் தாயகம் மீண்டார். பின்னர்த் தமிழ் நூலகம் எனப் பொருள்படும் பிப்லியோதிகா தமுலிகா என்னும் நூல்வரிசையை வெளியிட்டார். அதில் கைவல்ய நவநீதமும், தமிழிலக்கணச் சுருக்கமும், 1856இல் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்தன. இறுதிக் காலத்தில் எர்லாங்கனில் குடியேறி, 1864இல் அப்பல்கலைக்கழகத்தில் விரிவுரையும் நிகழ்த்தி, அவ்வாண்டு நவம்பரில் அங்கேயே உயிர்நீத்தார். அவரது இலத்தீன் திருக்குறள் மறு ஆண்டு வெளிவந்தது. அவருக்கும் முன்னர், தரங்கம்பாடியில் தொண்டாற்றிய காமெரர் என்பாரின் ஜெர்மன் குறள் 1803இல் அருகிலுள்ள நூரம்பர்க்கில் அச்சேறியது.

கிரௌலையர் தம் சமயத்தை விட்டாரல்லர். நம் சமயத்தைத் தழுவினாருமல்லர். தம் நிலையில் நின்றுகொண்டே நம் உள்ளத்தை நம் மொழிவழியே அறிய முயன்றார். விருந்தினர்க்குரிய முறை இதுவே எனத் துணிந்து கூறுவேன்.

குன்றிலிருந்து இறங்கி வருகையில் தம்பி மகனிடம் அவரைப்பற்றிக் கேட்டேன். அவன் அறிந்திலன். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. தாம்பரத்திற்கு இரயிலேறிப் படித்த காலத்தில் யானும் அறிந்திலேன். கள்ளுண்ணாமை பாடிய நூலை ஜெர்மன் உலகிற்கு அளித்தவர் அடங்கிய ஊரை, கள்ளுக்கடையாக மட்டும் எண்ணி நாங்கள் ஒரு குடும்பமாக அஞ்சியிருந்தோம். அவ்வெட்கம் இன்றளவும் நீங்கவில்லை.

ஆதலின் மாணவ நண்பர்களே! அந்நாடு செல்வீராயின் திருவிழாவிற்கும் செல்லுங்கள். அழைத்தவர் வருந்தும்படி ஒதுங்கியிராதீர்கள். வேண்டாததை வேண்டாவென்று முகமலர்ச்சியுடன் சொல்லுங்கள். தேர்வுக்கும் வேலைக்கும் வேண்டிய அளவோடு ஜெர்மன் மொழியை நிறுத்திவிடாது, ஒரு நல்ல நூலை ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழிற் பெயர்த்துத் தருமளவு கற்றுக்கொள்ளுங்கள். கிரௌலையருக்கு நாம் பட்ட கடன் அம்முறையாலன்றி வேறெம்முறையாலும் தீராது. என் தம்பி மகன் ஒரு சிறு நூலைத் தொடங்கியிருக்கிறான். முதல் இயலைத் தன் தாய்க்கு அனுப்பியுமிருக்கிறான்.