சிதம்பர ரகசியம்கூட பத்திரமா இருக்கு, உங்க ஆதார் இல்லை!



"உங்கள் அடையாளத்தை நீங்களே பாதுகாத்துக் கொள்ளுங்கள்" என்று பேங்க் மெசேஜ் அனுப்புது, போலீஸ் போஸ்டர் ஒட்டுது, ஒன்றிய அரசு விளம்பரம் போடுது. நல்ல அறிவுரைதான். ஆனா இந்த அறிவுரையைக் கடலூர் மாவட்டத்துக்காரனிடம் சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி இருக்கு? 2020 ஞாபகம் இருக்கா?

கொரோனா ஊரடங்கு. கையில் காசில்லை, வேலையில்லை. கிராமங்களுக்குள் புரோக்கர்கள் வந்தார்கள். கொரோனா நிவாரணம் வருது, ஆதார் ஜெராக்ஸும் பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸும் கொடுங்க என்றார்கள். கொடுத்தார்கள் மக்கள். கொஞ்ச நாளில் கணக்கில் 2,000 ரூபாய் விழுந்தது. அது நிவாரணம் இல்லை. பிஎம் கிசான் திட்டப் பணம். சொந்த நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் பிரதமர் கோரக்பூரில் தொடங்கிவைத்த திட்டம். ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் எல்லாம் காகிதத்தில் விவசாயி ஆகிவிட்டார்கள்.

எவ்வளவு பேர்? 2020 செப்டம்பரில் வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு: தமிழ்நாடு முழுக்க தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், தொகை சுமார் 110 கோடி. (சுனாமி நேரத்தில் நம்ம மாவட்ட கலெக்டராக இருந்தவர், கடலூருக்கு அவரைத் தெரியும்.) கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, எல்லாம் நம்ம பக்கம்தான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாங்க. ஜெராக்ஸ் மட்டும் இருந்தா பணம் வராது. விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியது வேளாண் அதிகாரியின் லாகின். அந்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் வெளியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போயிருந்தது. தில்லை கோயிலில் திரைக்குப் பின்னால் இருப்பதைத்தான் சிதம்பர ரகசியம் என்போம். அரசாங்கத்தின் பாஸ்வேர்டுக்கு அந்தத் திரைகூட இல்லை.

அதாவது இந்த மோசடிக்குக் கதவைத் திறந்தது உங்கள் அடையாளம் இல்லை. அதிகாரியின் அடையாளம்! பாட்டியிடம் ஓடிபி சொல்லாதே, சொல்லாதே என்று நூறு தடவை சொல்கிற அரசு, தன் சொந்த சாவியைத் தெருவில் விட்டிருந்தது. நானும் பொறியியல் படிச்சவன்தான். ஊரடங்கில் உட்கார்ந்திருக்கிற மாவட்டத்தில் திடீரென்று புது விவசாயிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தால், அதைக் கவனித்து நிறுத்தி வைக்க பெரிய செயற்கை நுண்ணறிவு ஒண்ணும் தேவையில்லை. ஒரு எக்செல் ஷீட் போதும்.

விஷயம் வெடித்ததும் என்ன நடந்தது? நேரடிப் பதிவுக்கு விதியைத் தளர்த்தியது மத்திய அரசு, அதனால் வந்த வினை என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. பயனாளியைச் சரிபார்ப்பது மாநிலத்தின் வேலை என்றது டெல்லி. 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், அப்போதைக்கு 18 பேர் கைது, சிபிசிஐடி விசாரணை. நடவடிக்கையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணத்தைத் திரும்ப எடுக்க முதலில் போன இடம் எது? அந்த ஏழைகளின் வங்கிக் கணக்கு. தெரிந்தே வாங்கினவர்களும் இருந்திருக்கலாம், அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. நிவாரணம் என்று நம்பி ஜெராக்ஸ் கொடுத்த கூலித் தொழிலாளியும் அதே பட்டியலில் "தகுதியற்றவர்" ஆனார், பாருங்க, அதுதான் கேள்வி. புரோக்கர் கமிஷனோடு போய்விட்டான். பெயர் மட்டும் இவருடையது.

சட்டமாவது காப்பாற்றுமா? 2016 ஆதார் சட்டத்தில், உங்கள் ஆதார் திருடப்பட்டால் நீங்கள் நீதிமன்றம் போக முடியாது, ஆதார் ஆணையம்தான் புகார் தரணும் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் குட்டு வைத்த பிறகுதான் மாற்றினார்கள். அடுத்து 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவைக் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி. உள்ளே படிச்சுப் பாருங்க. அபராதம் போய்ச் சேருவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. இன்னொரு பக்கம் பொய்ப் புகார் கொடுத்தால் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்! வீட்டில் திருடு போனால் கவர்ன்மென்ட் உண்டியலில் காசு விழும், உங்களுக்கு ஒண்ணுமில்லை. இதுக்குப் பேர் பாதுகாப்புச் சட்டம்.

2022 மே மாதக் கூத்து இன்னும் ஒண்ணு. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை யாரிடமும் கொடுக்காதீங்க, தவறாகப் பயன்படுத்தலாம் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில், மக்கள் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க என்று அதையே வாபஸ் வாங்கினார்கள். உண்மையைத் தவறிச் சொல்லிட்டாங்க போல.

கேள்வி கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுவரைக்கும் நம்ம வீட்டுக் கதவை நாமதான் சாத்தணும். கேட்கிற இடத்தில் எல்லாம் முழு ஆதார் கொடுக்காதீங்க. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற "மாஸ்க்டு ஆதார்" ஆணையத்தின் தளத்திலேயே இலவசமா கிடைக்கும். ஜெராக்ஸ்தான் வேணும்னு அடம்பிடித்தால், எதற்காக, எந்தத் தேதி என்று அதன் மேலேயே குறுக்கே எழுதிக் கொடுங்க. மேலவீதியோ மஞ்சக்குப்பமோ, பிரின்ட் போட கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கிளம்புவதற்கு முன் உங்கள் கண் முன்னாலேயே அவர் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா கடையை மாத்துங்க.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். கைரேகையை வைத்தே கணக்கில் பணம் எடுக்கும் வசதி இருக்கிறதால், எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைப்பது நல்லது. ஆனா ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்தால், போகும்போது திறந்துவிட வேண்டும். இல்லாட்டி அரிசி வாங்க முடியாமல் திட்டு உங்களுக்குத்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீங்க, உடனே 1930க்கு போன் போடுங்க. தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

பரங்கிப்பேட்டை, புவனகிரி, குமராட்சி, காட்டுமன்னார்கோயில் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுங்க. அவங்க போனை அவங்க கையிலேயே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து. நம்ம உறுப்பினர் சேர்க்கை முகாமிலும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக் குவிக்கிற பழக்கம் வேண்டாம். ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நாம அதையே செய்யக்கூடாது.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. பிஎம் கிசான் வழக்கில் இதுவரை யார் யாருக்கு என்ன தண்டனை என்று மாவட்டவாரியாக வெளியிடுங்கள். ஏமாற்றப்பட்டவர்களின் பெயர்களை மோசடிப் பட்டியலிலிருந்து பிரித்து எடுங்கள்.

உங்கள் ஊரில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் அழைத்து வாங்க, மனு எழுதித் தருகிறோம். ஆதார் எண், பாஸ்புக் போட்டோ எதையும் இந்தப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டாம். ஓடிபி எங்கள் கட்சிக்காரனே கேட்டாலும் சொல்லாதீங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி, கடலூர் மாவட்டம்
#பாஸ்வேர்டை_விட்டது_யார்