தவணைக்கு முன் விலை, விலையோடு உத்தரவாதம்

ஓணம், தசரா, தந்தேரஸ், தீபாவளி எனப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும் மாதங்களில், வீட்டு உபயோகப் பொருள்களுக்கான கடன் விசாரணைகள் வங்கிக் கிளைகளில் பெருகுகின்றன. அவற்றுள் சலவை இயந்திரத்துக்கு, அதாவது நாம் அன்றாடம் வாஷிங் மெஷின் என வழங்கும் பொருளுக்கு, முக்கிய இடமுண்டு. விசாரிப்போர் பெரும்பாலும் முதலில் கேட்பது, மாதத் தவணை எவ்வளவு என்பதே. வருவாயை அளந்து செலவிடும் குடும்பத்துக்கு இது இயல்பான கேள்விதான். ஆயினும் இது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது எங்கள் கருத்து. கடன் வழங்குவதைத் தொழிலாகக் கொண்ட நாங்களே இவ்வாறு கூறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தவணை கட்ட இயலாது திணறும் வாடிக்கையாளரால் வங்கிக்கும் நன்மையில்லை என்பதை நினைத்தால் வியப்பு நீங்கும்.

தவணை, விலையின் உண்மை அளவை மறைத்துவிடும். ஒரே இயந்திரம் ஒரு கடையில் 30,000 ரூபாய்க்கும் மற்றொரு கடையில் 33,000 ரூபாய்க்கும் கிடைப்பதாகக் கொள்வோம். வட்டியை ஒதுக்கிவிட்டு 24 மாதங்களுக்குப் பிரித்தால், வேறுபாடு மாதம் 125 ரூபாய் மட்டுமே. 3,000 ரூபாயைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசக்கூடிய குடும்பம், 125 ரூபாய் என்றதும் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டுவிடுகிறது. பணம் என்னவோ ஒன்றுதான்.

எனவே முதலில் விலையை ஒப்பிடுவோம். அதற்கு மாதிரி எண் இன்றியமையாதது. ஒரே நிறுவனத்தின், ஒரே கொள்ளளவுள்ள, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு இயந்திரங்கள் மாதிரி எண்ணின் ஈற்றெழுத்துகளில் வேறுபடலாம். ஒன்றில் தண்ணீரைச் சூடாக்கும் வசதி இருக்கும், மற்றொன்றில் இராது. ஆகையால், "7 கிலோ டாப் லோட் என்ன விலை?" என்று நான்கு கடைகளில் கேட்டு வருவது ஒப்பீடாகாது. முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் விலை கேட்க வேண்டும்.

அடுத்து, கேட்கும் விலை வீட்டில் இயந்திரம் ஓடத் தொடங்கும் வரையிலான விலையாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம், மாடிக்கு ஏற்றும் கூலி, பொருத்தும் கட்டணம், தாங்கி, கூடுதல் குழாய் ஆகியவை சேர்ந்ததா என்று கேட்டு, இறுதித் தொகையைத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம். பழைய இயந்திரத்துக்குத் தரப்படும் தொகையைத் தனியாகவே கணக்கிட வேண்டும். அதிகத் தொகை தருவதாகச் சொல்லும் கடையில் புதியதன் விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கக்கூடும்.

பெட்டியின்மீது அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்குமேல் "ஜி.எஸ்.டி. தனி" என்று கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. சலவை இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி உள்ளடங்கிய 30,000 ரூபாய் விலையில் வரி மட்டும் ஏறத்தாழ 4,576 ரூபாய். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறோம்" என்ற பேச்சுக்கு இடம் உண்டாவது இந்தத் தொகையால்தான். பில் இல்லாமல் வாங்குபவர் வரியை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு உத்தரவாதத்தையும் வழக்குத் தொடுக்கும் ஆதாரத்தையும் கைவிடுகிறார். இயந்திரத்தின் வரிசை எண் குறிக்கப்பட்ட பில்லே அந்தப் பொருளுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

இனி, 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' எனப்படும் வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். கடன் அட்டைகளில் வழங்கப்பட்ட பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்றும், பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றைய திட்டங்களில் வட்டி இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விற்பனையாளரோ உற்பத்தியாளரோ தள்ளுபடியாகக் கழித்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு. 30,000 ரூபாய் இயந்திரத்துக்கு மாதம் 2,500 வீதம் 12 தவணைகள் என்போம். ஆண்டு வட்டி 15 சதவீதமானால், கடனாகப் பதிவாகும் அசல் சுமார் 27,700 ரூபாய். மீதி 2,300 ரூபாய் வட்டி. கடன் அட்டைத் தவணையின் வட்டிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது ஏறத்தாழ 414 ரூபாய். 199 ரூபாய் செயலாக்கக் கட்டணமும் அதன்மீதான வரியும் சேர்ந்தால் மேலும் 235 ரூபாய். ஆக, வாடிக்கையாளர் செலுத்துவது 30,650 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "முழுத் தொகையையும் இன்றே செலுத்தினால் எவ்வளவு?" 27,700 என்று பதில் வந்தால், வட்டியில்லாத் தவணையின் உண்மைச் செலவு சுமார் 2,950 ரூபாய். 30,000 என்றே பதில் வந்தால், தவணையின் செலவு 650 ரூபாய்தான். கையிருப்பைக் கரைக்காமல் தவணையில் வாங்குவது அப்போது அறிவார்ந்த செயலாகலாம். எது நமக்குப் பொருந்தும் என்பதை விளம்பரம் சொல்லாது. ரொக்க விலையே சொல்லும்.

வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ தனிநபர் கடனாகப் பெறுவோர்க்கு மற்றொரு துணையுண்டு. 2024 அக்டோபர் முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை வழங்குவது கட்டாயம். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அது காட்டும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரே எண் உதவும்.

விலைக்கு நிகராக ஒப்பிட வேண்டியது உத்தரவாதம். இயந்திரத்தின்மீது பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும் '10 ஆண்டு' என்பது பொதுவாக மோட்டாருக்கு மட்டுமே உரியது. முழு இயந்திரத்துக்கான உத்தரவாதம் பல நிறுவனங்களில் 2 ஆண்டுகள். சிலவற்றில் அதனினும் குறைவு அல்லது கூடுதல். ஆனால் பழுது மோட்டாரில்தான் வரும் என்பதற்கு உறுதியில்லை. மின்னணுப் பலகை, தண்ணீரை வெளியேற்றும் பம்ப், தண்ணீர் உள்ளே வரும் வால்வு, முன்பக்கக் கதவின் ரப்பர் வளையம் ஆகியவையும் பழுதாகின்றன. ஏழாம் ஆண்டில் மோட்டார் இலவசமாகக் கிடைத்தாலும், அதைப் பொருத்த வருபவரின் வருகைக் கட்டணமும் கூலியும் நம்முடையதாக இருக்கலாம். ஆகவே எத்தனை ஆண்டு என்று மட்டும் கேளாமல், எந்தப் பாகத்துக்கு, கூலி சேர்த்தா என்றும் கேட்க வேண்டும்.

விலக்குகளையும் வாங்குமுன் வாசித்துவிட வேண்டும். எலி கடித்த சேதம், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் நேரும் சேதம், வணிகப் பயன்பாடு ஆகியவை பல உத்தரவாத அட்டைகளில் விலக்கப்பட்டுள்ளன. கீழ்த்தளத்தில் வசிப்போருக்கு எலியும், மின்சாரம் சீராக வராத ஊர்களில் வசிப்போருக்கு மின்னழுத்தமும், விடுதி நடத்துவோருக்கு வணிகப் பயன்பாடும் வெறும் சிற்றெழுத்துச் செய்திகள் அல்ல. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைப் பயன்படுத்துவோர், அதனால் படியும் படிவுக்கு உத்தரவாதம் பொருந்துமா என்பதையும் விசாரிப்பது நல்லது.

விற்பனையின் இறுதிக் கட்டத்தில் முன்வைக்கப்படும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத்தை நாங்கள் குறை கூறவில்லை. நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைத்த பின்னரே அதற்குப் பணம் செலுத்துக என்கிறோம். பொறுப்பேற்பவர் உற்பத்தியாளரா, கடையா, வேறொரு நிறுவனமா? காலம் தொடங்குவது வாங்கிய நாளிலிருந்தா, முதல் உத்தரவாதம் முடிந்த நாளிலிருந்தா? பழுதுநீக்க இயலாவிட்டால் முழு மதிப்பு கிடைக்குமா, தேய்மானம் கழிக்கப்படுமா? வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் செல்லுமா? பணியிட மாற்றத்துக்குரிய வேலையிலிருக்கும் எங்களைப் போன்றோர்க்கு நான்காம் கேள்வி மிக முக்கியமானது.

விற்பனையாளர்களை ஒப்பிடும்போது, இணையதளமா, பெருங்கடையா, தெருமுனைக் கடையா என்று பொதுவாக வாதிடுவதில் பயனில்லை. இணையத்தில் விலையை ஒப்பிடுவது எளிது. ஆனால் திரும்பப் பெறும் காலம் சில நாள்களே இருக்கலாம். அதற்குள் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அண்டைக் கடையில் விலை சற்றுக் கூடினாலும், பழுது நேரும்போது நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வற்புறுத்த ஒருவர் இருப்பார். இரண்டுக்கும் மதிப்புண்டு. எதுவாயினும், நம் ஊரில் அந்த நிறுவனத்தின் சேவை மையம் இருக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கட்டும். அருகில் சேவை மையம் இல்லாத இயந்திரம் 2,000 ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவன்று.

கேட்காத உத்தரவாதத் திட்டத்தை இணையக் கூடையில் தானாகச் சேர்ப்பதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி தடைசெய்யப்பட்டுள்ளன. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதில் தீராவிடில், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இவ்வளவு உழைப்பு ஒரு சலவை இயந்திரத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். வைப்புத்தொகைக்குக் கால் சதவீத வட்டி கூடுதலாகக் கிடைக்குமா என்று வங்கி வங்கியாக விசாரிப்போர் நம்மிடையே உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வைப்பில் அதனால் ஆண்டுக்குக் கிடைப்பது 250 ரூபாய். அதே அக்கறையுடன் ஒரு மாலைப்பொழுதில் மூன்று கடைகளின் ரொக்க விலையையும், பாகவாரியான உத்தரவாதத்தையும், சேவை மையத்தின் தொலைவையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டால் மிஞ்சுவது அதைவிடப் பன்மடங்காகலாம். அந்தத் தாளோடு வாருங்கள். தவணையைப் பற்றி அதன்பின் பேசுவோம். வாங்கிய பின் பில்லையும் உத்தரவாத அட்டையையும், கடை முத்திரையும் தேதியும் பதிவாகியிருப்பதைச் சரிபார்த்து, வைப்புத்தொகைச் சீட்டுகள் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். அவையும் உங்கள் சேமிப்பைக் காக்கும் ஆவணங்களே.