களம்பூர் ரெயிலுக்கு திருச்சியில் அதிகாரி! பெரணமல்லூர் மக்கள் மனுவை யாரிடம் கொடுப்பது?

பெரணமல்லூர்:
பெரணமல்லூரில் ரெயில் பாதை கிடையாது. சேலையை நெய்து முடித்த நெசவாளியோ, சென்னைக்கு கட்டிட வேலைக்குப் போகிற தொழிலாளியோ, ரெயில் பிடிக்க வேண்டும் என்றால் பஸ் ஏறி ஆரணி போக வேண்டும். அங்கேயும் ரெயில் இல்லை. 'ஆரணி ரோடு' என்று போர்டு மாட்டிய ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அதற்கு இன்னொரு பஸ்.

2024-ம் ஆண்டு மே மாதம் ஒரு நல்ல காரியம் நடந்தது. சென்னை கடற்கரையில் இருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிய ரெயிலை திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய். பஸ்சோடு பார்த்தால் கொள்ளை மலிவு. ஆனால் அறிவித்த நேரத்தைப் பார்த்து பலருக்கு சப்பென்று ஆகிவிட்டது. சாயங்காலம் சென்னையில் கிளம்பி நள்ளிரவில் திருவண்ணாமலை. திரும்புவது அதிகாலை 4 மணிக்கு. ராத்திரி அந்த நேரத்தில் களம்பூரில் இறங்குகிறவர் பெரணமல்லூருக்கு எதில் வருவார்?

சரி, நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம். யாரிடம்?

சென்னை இல்லை, திருச்சி!

பக்கத்தில் இருக்கிற சென்னைதான் நமக்கு மேலிடம் என்று நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. இந்தப் பாதையில் சென்னை கோட்டம் காட்பாடியோடு முடிந்து விடுகிறது. வேலூர் கண்டோன்மெண்டில் தொடங்கி ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று விழுப்புரம் வரை திருச்சி கோட்டம். ஸ்டேஷனில் குடிநீர் இல்லை, விளக்கு எரியவில்லை, டிக்கெட் கவுண்டர் திறக்கவில்லை என்றால் திருச்சியில் இருக்கும் கோட்ட மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். ரெயிலில் பை திருடு போனால் மட்டும் கதை வேறு. அதை விசாரிப்பது தமிழக அரசின் ரெயில்வே போலீஸ்.

ஆனால் புது ரெயில் விடவோ, எக்ஸ்பிரஸ் ரெயிலை ஆரணி ரோட்டில் நிறுத்தவோ கோட்ட மேலாளருக்கு அதிகாரம் கிடையாது. அவர் எழுதி அனுப்பலாம். அது சென்னை சென்ட்ரல் பக்கத்தில் உள்ள தெற்கு ரெயில்வே தலைமையகத்துக்குப் போகும். பொது மேலாளருக்குக் கீழே சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என 6 கோட்டங்கள். அங்கிருந்து டெல்லி ரெயில்வே வாரியம். வெள்ளைக்காரன் காலத்தில், 1905-ல் உண்டான இந்த வாரியம் தலையாட்டினால்தான் சக்கரம் உருளும். 12 லட்சம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் களம்பூர் கோரிக்கை எந்த மேஜையில் தூங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

சேலம் கோட்டமே சும்மா வந்துவிடவில்லை. பாலக்காட்டைப் பிரிக்கக் கூடாது என்று கேரளாவில் எதிர்ப்பு கிளம்பியது. இங்கே விடாமல் கேட்டார்கள். 2007-ல் கிடைத்தது.

திண்டிவனம் - நகரி என்ன ஆச்சு?

பெரணமல்லூர் மக்கள் வருஷக்கணக்காக காத்திருப்பது இதற்குத்தான். அரக்கோணம் எம்.பி. ஆர்.வேலு ரெயில்வே இணை மந்திரியாக இருந்தபோது, 2006-07 பட்ஜெட்டில் அனுமதி கிடைத்த திட்டம். சுமார் 180 கிலோ மீட்டர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஆந்திராவின் நகரி வரை. வந்தால் வந்தவாசியிலோ ஆரணியிலோயே ரெயில் ஏறலாம். அன்று பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். முழுப் பாதை வந்தபாடில்லை.

இதைக் கேட்டால் திருச்சி அதிகாரி கையை விரிப்பார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. புதுப் பாதை போடுவது கோட்டம் அல்ல, எழும்பூரில் இருக்கும் தனி கட்டுமானப் பிரிவு. பணம் மத்திய பட்ஜெட்டில் வர வேண்டும். முன்பு ரெயில்வேக்கு என்று தனி பட்ஜெட் இருந்தது. எந்த ஊருக்கு என்ன என்று மந்திரியே பாராளுமன்றத்தில் வாசிப்பார். 1924-ல் தொடங்கிய அந்த வழக்கம் 2017-ல் பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டது. இப்போது 'பிங்க் புக்'கில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பணம் வந்தாலும் நிலம் வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பது மாநில அரசின் வருவாய்த் துறை. டெல்லி நிலத்தைக் கேட்கும், சென்னை பணத்தைக் கேட்கும். நடுவில் கல் நட்ட வயலை விற்கவும் முடியாமல், கிணறு வெட்டவும் மனசு வராமல் நிற்பது விவசாயி.

நிலத்துக்கான பணம் வரவில்லை, அளவு தப்பு என்கிறவர்கள் திருச்சிக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். திங்கட்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு கூட்டத்தில் மனு கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளலாம்.