முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு தாயை யார் பார்ப்பது?

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். முன்பு உளசமூகப் பணியில் இருந்த காலத்தில் பழக்கமான குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தன் ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவதாகப் போன வீடு, பாதி பூசிய வீட்டுத்திட்ட வீடு. தாய்க்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பிள்ளை பிறந்து இருபத்துநாலு நாள்.

பிள்ளையின் நிறை சரி. தொப்புள் காய்ந்துவிட்டது. பால் போதும். எல்லாம் பதிவாகிறது. "வேற என்னம்மா, ஒண்டும் பிரச்சினை இல்லையோ?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"ஒண்டுமில்லை மிஸ். நித்திரைதான் வருகுதில்லை. பிள்ளை நல்லாய் நித்திரை கொள்ளுது. நான்தான் முழிச்சிருக்கிறன்."

பிள்ளை அழுவதால் தாய்க்கு நித்திரை இல்லாமற் போவது இயல்பு. பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு நித்திரை வராதது வேறு விடயம். அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம் என்பது இந்தத் துறையில் கொஞ்சம் வேலை செய்தவர்களுக்கும் தெரியும். பத்தியம் யார் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன். "நான்தான் அக்கா. அம்மா மாத்தளனிலை..." அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2009 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது இருபதுகளின் நடுவைத் தாண்டியிருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள்ளும், பிறகு மெனிக் பாமின் கூடாரங்களுக்குள்ளும் சிறுமிகளாக இருந்தவர்கள்தான் இன்று வன்னியின் கிளினிக்குகளில் வயிற்றோடும் கைக்குழந்தையோடும் வாங்குகளில் இருக்கிறார்கள். யுத்தத்தின் மனவடு குறித்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார்கள். தனி மனிதர்களோடு குடும்பமும் ஊரும் காயப்பட்டன என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. பிள்ளைப்பேற்று வீட்டில் அந்தக் காயம் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் ஊர்களில் பிள்ளைப்பேறு ஒருத்தி தனியே சுமக்கும் காரியமாக இருந்ததில்லை. தாய் வீட்டுக்கு வருவாள். அம்மா சரக்கு அரைப்பாள், வெந்நீர் வார்ப்பாள், பெரியம்மாவும் மாமியும் மாறிமாறி இரவில் பிள்ளையைத் தூக்குவார்கள். முப்பத்தொன்றில் துடக்குக் கழியும் வரை அவளை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். அந்த வழக்கங்களில் நான் ஏற்காதவையும் உண்டு. துடக்கு என்று ஒதுக்கி வைப்பதும், தண்ணீர் குடிக்க விடாமல் தடுப்பதும் நல்லதல்ல. ஆனால் ஒரு மாதம் தாயை நாலு பெண்கள் சூழ்ந்து பார்த்துக்கொண்டார்கள். இன்று 'உளசமூக ஆதரவு' என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருத்தி கனடாவில் இருக்கிறாள் என்றால் அந்த இடத்தை எது நிரப்புவது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரும், பிள்ளை பெற்ற தாய்மாரில் 13 சதவீதத்தினரும் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பை, பெரும்பாலும் மனச்சோர்வை, அனுபவிக்கிறார்கள். வளர்முக நாடுகளில் இது இன்னும் அதிகம்: கர்ப்ப காலத்தில் 15.6 சதவீதம், பேற்றின் பின் 19.8 சதவீதம். போர் நடந்த, கடனும் காணாமற்போனோர் துயரமும் இன்னும் தீராத பிரதேசத்தில் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

இலங்கை தாய் சேய் நலத்தில் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்பார்கள். அது உண்மை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை வளர்ந்து, இன்று வீட்டு வாசலுக்கே குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். குருதியமுக்கம், சீனி, இரும்புச்சத்து, பிள்ளையின் நிறை எல்லாம் அளக்கப்படுகின்றன. மனதை அளக்கவும் ஒரு படிவம் இருக்கிறது. 1987 இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோலைத்தான் இங்கும் பயன்படுத்துகிறார்கள். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது.

படிவத்தில் எனக்குக் குறையில்லை. அதைக் கேட்கும் இடத்தில்தான் குறை. ஒரு கிளினிக்கில் முப்பது பெண்கள் நெருக்கியடித்து இருக்கும் மண்டபத்தில் அது கைக்குக் கை போனதைப் பார்த்தேன். வெளியே வந்த ஒருத்தியிடம் எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டேன். "மாமி பக்கத்திலை இருக்கேக்கை என்னத்தைப் போடுறது அக்கா? எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போட்டன்." அந்தத் தாள் மேலே போகும்போது அவள் நலமான தாய். அறிக்கையில் பிரச்சினை இல்லாத பிரதேசம் ஒன்றும் பிறந்துவிடும்.

உத்தியோகத்தரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் ஏறத்தாழ 3000 பேரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் என்றால் அதையும் அவரே பார்ப்பார். "ஒருத்தி அழத் தொடங்கினால் முக்கால் மணித்தியாலம் வேணும். எனக்கு இன்னும் ஏழு வீடு கிடக்கு" என்றார் என்னை ஏற்றிப்போனவர். கேட்டால் அழுவாள் என்று தெரிந்தே கேட்காமல் வரும் நாட்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

சரி, அவள் சொல்லிவிட்டாள் என்று வைப்போம். பிறகு எங்கே அனுப்புவது? மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். கைப்பிள்ளையோடு ஒரு நாள் போய்விடும், கூலிக்குப் போகும் கணவனின் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். ஊரில் அந்தப் பிரிவுக்கு இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும். 'விசர்' என்ற ஒரு சொல் விழுந்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சும் தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். கடும் நோய் வந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு தேசிய மனநல நிறுவகத்தில் இருக்கிறது. அது கொழும்புப் பக்கம். முல்லைத்தீவிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீற்றரில் மட்டும் அளக்க முடியாது.

கர்ப்ப காலத்திலும் பேற்றின் பின்னும் நிகழும் தற்கொலையை நேரடித் தாய் மரணமாகவே எண்ண வேண்டும் என்று 2012 இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. குருதிப்பெருக்கால் ஒரு தாய் இறந்தால் எங்கள் சுகாதாரத் துறை எழுந்து நின்று விசாரிக்கிறது. மனம் உடைந்து இறந்தவளுக்கு ஊர் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதிவிட்டுப் போகிறது.

இனி உடலசைவு பற்றி. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். கிணற்றடியிலிருந்து குடம் சுமப்பவளிடம், கச்சான் தோட்டத்தில் குனிந்து நிற்பவளிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் சிரிப்பாள். சிரிக்கட்டும், நியாயம்தான். ஆனால் வேலைக்களைப்பு வேறு, தன் விருப்பத்துக்கு நடக்கும் நடை வேறு. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலசைவில் ஈடுபடலாம் என்கிறது 2020 இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கர்ப்பகால நீரிழிவுக்கும் மனச்சோர்வுக்கும் அது துணை செய்கிறது. சத்திரசிகிச்சை மூலம் பெற்றவள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். கடும் மனச்சோர்வுக்கு நடை மருந்துக்கு மாற்றாகாது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கே நடப்பது? யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கம் காலையிலும் மாலையிலும் ஆண்கள் நடக்கிறார்கள். பெண்களும் சிலர் வருகிறார்கள், பெரும்பாலும் நகரத்துப் பெண்கள். வன்னிக் கிராமத்தில் ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் இல்லை. நாய்கள் உண்டு, மதுபோதையில் வருபவர்கள் உண்டு, சில வீதிகளில் முகாம் வாசல் உண்டு. ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்து அமைந்தவை. இருபத்தாறு வயதுத் தாய் அங்கே கணக்கில் இல்லை.

செலவில்லாமல் தொடங்கக்கூடியது ஒன்றிருக்கிறது. பல சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் பெயரளவிலாவது உண்டு. பிள்ளைக்கு ஒரு மாதம் கடந்த தாய்மார் வாரத்தில் இரண்டு மாலை முன்பள்ளி வளவில் கூடி, பிள்ளைகளை ஒரு அம்மம்மாவிடம் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் சேர்ந்து நடந்தால், நாலு பெண்கள் மீண்டும் அவளைச் சுற்றி வந்துவிடுவார்கள். மாமியாரும் 'டொக்டர் நடக்கச் சொன்னவர்' என்றால் மறுக்கமாட்டார். படிவத்தில் எழுதாததை நடக்கும்போது சொல்வாள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. படைத்தரப்போடு தொடர்புள்ள எந்த இடத்திலும் எங்கள் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

படிவத்தை மண்டபத்தில் கொடுக்காமல் வீட்டுத் தரிசிப்பில், பிள்ளையைக் குளிப்பாட்டும் சாட்டில் தனியே கேட்கலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை, சுற்றுநிருபம் ஒன்று போதும். மனநலப் பிரிவு மாதத்தில் ஒரு நாள் பிரதேச வைத்தியசாலையின் தாய் சேய் கிளினிக்குக்கு வந்தால் 'விசர்' வாசலால் நுழைய வேண்டியதில்லை. வெற்றிடங்களை நிரப்புவது மாகாணத்தின் வேலை. ஆனால் வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் ஆளுநரின் நிர்வாகம்தான். கேள்வி கேட்க நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் அங்கே இல்லை. தனியார் துறையில் வேலை செய்பவளுக்குச் சட்டப்படி 84 நாள் பிரசவ விடுமுறை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் அது முடிந்த மறுநாளே இலக்கு எண்ணித் தைக்க வேண்டும். கணவனுக்கு என்ன விடுமுறை என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

அந்த வீட்டுக்கு உத்தியோகத்தர் மறுபடி போனார், இந்த முறை கடைசி வீடாக. முக்கால் மணித்தியாலம் இருந்தாராம். இப்போது அவள் மருந்து எடுக்கிறாள், நித்திரை வருகிறது. இதை வாசிப்பவர்களில் அப்படி விழித்திருப்பவர் யாராவது இருந்தால், அல்லது வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

2025 மே மாதம் நாங்கள் பிரதேச சபைகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்தோம். தெருவிளக்கும் சிறுவர் பூங்காவும் அவர்களின் பொறுப்பு. அந்தக் கிராமத்து வட்டார உறுப்பினரைச் சந்தித்து முன்பள்ளி வீதி பற்றிச் சொன்னேன். எழுத்தில் தாருங்கள் என்றார். நாலு விளக்கும் இரண்டு வாங்கும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் கையெழுத்து வைத்த பன்னிரண்டு பேரும் தாய்மார்.