காரவள்ளியில் ஒரு ஞாயிறு காலை தடுப்பு வையுங்கள்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறப் போகிறோம் என்று பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது கியரைப் பற்றித்தான். "அண்ணா, பின்னாடி எத்தனை பல் போட்டா ஏறும்?" இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பிரேக் பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தக் கேள்வி வராதது எனக்கு உறுத்தும்.

ஏற்றத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைக் காதில் வாங்க மாட்டார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். நூறு மீட்டர் போனால் நாலரை, ஐந்து மீட்டர் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். மசினகுடியிலிருந்து ஊட்டி போகும் கல்ஹட்டிப் பாதையில் வளைவு 36தான், ஆனால் அதன் செங்குத்து ஆளைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடும். கொல்லிமலை அப்படி மிரட்டாது, ஆனால் விடவும் விடாது. கால் ஆற நடுவில் சமதளம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

நம் ஊர்ப் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். பால் ஊற்றப் போக அது சரி. மலைக்கு முன்னாலும் பின்னாலும் 34 இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். பேச்சு நின்றுபோனால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கியர் விஷயம் அவ்வளவுதான்.

காலம் பார்ப்பது அதைவிட முக்கியம். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை முழுக்க வண்டிதான், அப்போது வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பாறை உருளும். மாசி பிறந்தால் அடிக்காடு இலை உதிர்த்து நிற்கும். நிழல் கிடைக்காது, காட்டுத்தீயும் அந்தக் காலத்தில்தான். மார்கழிக் கடைசியும் தை மாதமும் பொருத்தம். விடியும் நேரத்தில் காரவள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும். தண்ணீரை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். வாழைப்பழத்தை வெளியே தெரிகிற பையில் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு நம்மைவிட அந்த வளைவுகள் நன்றாகத் தெரியும்.

கீழே முள்ளும் மூங்கிலுமாக வறண்டு கிடக்கும் காடு பாதிக்கு மேல் ஆளே மாறிவிடும். காற்று குளிரும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சிவரை சுற்றிக்கொண்டு போகும், அதன் காலடியில் காப்பிச் செடி. காரில் போகிறவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படுவதேயில்லை. வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார்கள்.

வளைவில் ஒரு நுட்பம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் இடது பக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், அது சாய்வு குறைந்த இடம், சுகமாக வரும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம், அங்கே சாலை திடீரென்று நிமிரும். கால் கெஞ்சும்போது கை தானாகவே ஹேண்டில்பாரை வலப்பக்கம், சாய்வு குறைந்த பக்கம் ஒடிக்கும். மேலிருந்து இறங்கி வருகிறவன் இருப்பதும் அந்தப் பக்கம்தான். பஸ் திரும்பினால் அதற்கு முழுச் சாலையும் வேண்டும். அதனால் ஆரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

இனி இறக்கம். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு முதல் பாடமே, ஏறின கியரில் இறங்கு என்பது. இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே லைனர் கருகிய வாடை முன்னால் வந்துவிடும். சைக்கிளுக்கு ஏது இன்ஜின்? மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ரீவீல் சும்மா சுற்றும், அதாவது நியூட்ரல். மலையிறங்கும் சைக்கிள் எல்லாமே நியூட்ரலில் இறங்கும் வண்டிதான்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 900 மீட்டர் இறங்குவதற்குள் விடும் ஆற்றல் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நேரான சாலையாக இருந்தால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். இங்கே 70 தடவை வேகத்தை அடக்கியாக வேண்டும், சூட்டில் பெரும்பங்கு பிரேக்குக்கு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் சூடு ரிம்மில் ஏறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பேடு வழவழவென்று பளபளத்துப் பிடிமானம் போகும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டுவிட வேண்டும். வழிநெடுக லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். பிரேக் கட்டையில் பள்ளம் அழிந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஒரு பிரியாணி விலைகூட ஆகாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் எதிரே வருகிறவன் நம் கையில் இல்லை. நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். வார இறுதியில் காரவள்ளிப் பாதையில் ஒரு கூட்டம் வருகிறது. எழுபது வளைவை எத்தனை நிமிஷத்தில் முடித்தோம் என்று வீடியோ போடுவதற்கென்றே வரும் பைக்குகள், மலைப்பாதையில் கார் ஓட்டிப் பழகாதவர்கள். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சைக்கிளும் ஒரு வண்டி என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இத்தாலியில் ஸ்டெல்வியோ என்று ஒரு மலைக்கணவாய், உயரம் 2,757 மீட்டர். ஒரு பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள், நம்மைவிட 22 குறைவு. ஆண்டுக்கு ஒருநாள் அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திச் சைக்கிளுக்கு விடுகிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. சென்னையிலும் கோவையிலும் ஞாயிறு காலை தெருவை மூடி மக்களை ஆடவிட்டவர்கள்தானே நாம்.

மலையில் மிளகு வியாபாரம் செய்யும் நண்பர் கோபித்துக்கொண்டார். "உங்க பையனுங்க சைக்கிள் மிதிக்க எங்க வழிய மறிக்கணுமா?" நியாயமான கேள்வி. கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. தூரம் கூடுதல், வளைவு குறைவு. கனரக வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கத்தில் உள்ளதுதான். அதற்கும் மேலே போய்ச் சொல்கிறேன். அரசு பஸ் ஓடட்டும், ஆம்புலன்ஸ் ஓடட்டும், மலைவாசிகளின் பைக்கும் அன்னாசி ஏற்றிய பிக்கப்பும் தாராளமாகப் போகட்டும். நிற்க வேண்டியது சுற்றுலா வண்டிகள் மட்டும், அதுவும் காலை 9 மணி வரை. சந்தை நாளைத் தொட வேண்டாம். 70 வளைவு ஏறி வருகிறவனுக்கு அகோரப் பசி. சோளக்காட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு விற்கும் அக்காவுக்கு, காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கி விலை கேட்டுவிட்டுப் போகிறவனைவிட இவன் நல்ல வாடிக்கை.

இன்னொரு வேண்டுகோள், இதைத் தயவுசெய்து விழாவாக்கிவிடாதீர்கள். கொடியசைப்பு, மேடை, மைக் செட், ஒரே நிற பனியன், முதல் பரிசு எதுவும் வேண்டாம். பரிசு வைத்தால் இறக்கத்தில் பந்தயம் விடுவார்கள், பிறகு பிரேக்கைப் பற்றி நான் எழுதியதெல்லாம் வீண்.

நாமக்கல் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் வருகிற தை மாதம் ஒரே ஒரு ஞாயிறு இதைச் செய்து பார்க்கலாம். காரவள்ளியில் ஒரு தடுப்பு, சோளக்காட்டில் ஒரு தடுப்பு, இடையில் ஒரு ஆம்புலன்ஸ், நாலைந்து காவலர்கள் போதும். சரிப்படவில்லை என்றால் அடுத்த மாதம் விட்டுவிடுங்கள்.