அடுக்களைவரை நீளும் கண்

கழிவறைக்குப் போய்வரக்கூடப் பயமாக இருக்கிறது. மௌஸ் கொஞ்சநேரம் அசையாவிட்டால் என் பெயரருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். உடனே டீம் லீடர் கேட்பார்: "இருக்கீங்களா?" எங்கே போய்விடுவேன் சார்? வலியசாலை அக்ரகாரத்தில், ரேழியை ஒட்டிய அறையில், நீங்கள் கொடுத்த லேப்டாப்புக்கு முன்னால்தான் கிடக்கிறேன்!

ஒட்டுச்சுவர் வீடு இது. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கேமராவைப் போட்டால் அடுக்களை தெரியும்; குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வரும் மாமியார் தெரிவார். "கேமரா ஆனிலேயே இருக்கட்டும்" என்று ஒற்றை வரியில் உத்தரவு போட்டுவிட்டீர்கள். அந்த அம்மாளிடம் யார் கேட்டீர்கள்? அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறாரா?

கழக்கூட்டம் அலுவலகத்துக்குப் பஸ்ஸேறிப் போன நாட்களில், ஒரு பிழையைப் பிடிக்க அரைமணி நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருப்பேன். அன்று அது வேலை. இன்று அதற்குப் பெயர் 'ஐடில்'. முடித்த டிக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை, ஸ்கிரீன்ஷாட்டைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வெறுமனே விசையைத் தட்டுகிறேன். ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தவளை நடிக்கவைத்தது யார்? தோள் இறுகிப்போகிறது, தூக்கம் வருவதில்லை, குழந்தை பக்கத்தில் வந்தால் எரிந்துவிழுகிறேன். இதெல்லாம் உங்கள் டாஷ்போர்டில் ஏறாது.

ஊழியர்மேல் நீங்கள் வைக்கும் நம்பிக்கையின் லட்சணத்தை மைக்ரோசாஃப்டே 2022-இல் கேட்டுப் பார்த்தது. நன்றாக வேலை செய்கிறோம் என்றவர்கள் ஊழியர்களில் 87 சதவீதம். அதை முழுதாக நம்பிய மேலாளர்கள் வெறும் 12 சதவீதம்!

அதே ஆண்டு நெதர்லாந்தில், நாள் முழுக்கக் கேமரா போட மறுத்ததால் வேலை போன ஒருவருக்கு ஏறத்தாழ 75,000 யூரோ கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். நமக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமோ, வேலை சம்பந்தமான தேவை என்றால் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று முதலாளிக்கு வழிவிட்டிருக்கிறது.

கொடுத்த வேலை கெடு தேதிக்குள் வரவில்லையா, கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். அந்தக் கேமராவை முதலில் அணையுங்கள்.