முதல் சுற்றில் தோற்ற பிள்ளை திறமையில்லாத பிள்ளையா?

வலய மட்ட மல்யுத்த முடிவுகள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியதில் இருந்து ஒரே கதைதான். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது சேர். போனாங்க, முதல் சுற்றிலேயே வந்துட்டாங்க." ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு நானாவும் இதையே சொன்னார். படித்தவர், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை. நம் பாடசாலை விளையாட்டின் ஏணி இதுதான். ஒவ்வொரு படியிலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் சம இடம் என்றால் கேட்க நீதியாகத்தான் இருக்கும். ஆனால் 2012 கணக்கெடுப்பின்படி மேல் மாகாணத்தில் 58 லட்சம் பேர், ஊவாவில் 12 லட்சத்து 66 ஆயிரம் பேர். ஒரு எடைப் பிரிவில் மாகாணத்துக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்றாவதாக வந்தவன் நாட்டிலேயே மூன்றாவது ஆளாக இருக்கலாம். அவன் வீட்டில் இருப்பான்.

"அப்படியென்றால் நமக்கு லாபம்தானே?" என்பீர்கள். மாகாணப் படியில் லாபம்தான், மறைக்கவில்லை. அதே கணக்கை ஒரு படி கீழே இறக்கிப் பாருங்கள். மெட்டும் கோச்சும் உள்ள பெரிய பாடசாலைகள் இரண்டு ஒரே வலயத்தில் இருந்தால், அந்த வலயத்தின் தோட்டப் பாடசாலைப் பிள்ளை என்ன ஆவான்? புல்தரையில் பழகியவன் அன்றுதான் முதன்முதலாக மெட்டில் கால் வைக்கிறான். சீட்டுக் குலுக்கலில் எதிரே வருபவன் வலயத்திலேயே பலசாலி. இரண்டு நிமிடம், முடிந்தது. பக்கத்து வலயத்தில் அதே எடையில் ஒரே ஒருவன்தான் பதிந்திருந்தால், அவன் எடை பார்த்த கையோடு மாகாணத்துக்குப் போய்விடுவான். இந்த இரண்டு பேரில் யார் கெட்டிக்காரன் என்று எந்த முடிவுத் தாளும் சொல்லாது.

மல்யுத்தத்துக்கே இந்த அநியாயம் தெரியும். உலகப் போட்டிகளில் ரெப்பசாஜ் என்று ஒரு முறை இருக்கிறது. இறுதிப் போட்டிக்குப் போனவர்களிடம் தோற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டு வெண்கலத்துக்கு மோத விடுவார்கள். பலசாலியிடம் சீக்கிரம் மாட்டியது உன் குற்றமில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மெட்டுக்குள் ஒப்புக்கொண்ட இந்த நியாயம் வலய எல்லை வந்ததும் ஏன் செல்லாது?

சம்பியன் கிண்ணம் பற்றியும் சொல்ல வேண்டும். அணிப் புள்ளி என்பது எல்லா எடைகளிலும் வாங்கியதைக் கூட்டுவது. இரண்டாயிரம் பிள்ளைகள் உள்ள பாடசாலை ஒவ்வொரு எடைக்கும் ஆள் நிறுத்தும். முந்நூறு பேர் உள்ள பாடசாலை மூன்று எடைக்கு நிறுத்தினாலே பெரிய விஷயம். மூவரும் தங்கம் வாங்கினாலும் கிண்ணம் அடுத்தவனுக்கு. பலமான இரண்டு பாடசாலைகள் ஒரே வலயத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று வெட்டி அரை அணியோடு மாகாணம் போகும். பலமில்லாத வலயத்தில் நடுத்தரப் பாடசாலை முழு அணியோடு வந்து இறங்கும்.

இது நமக்குப் புரியாத கணக்கா என்ன? பல்கலைக்கழக அனுமதியில் திறமைக்கு 40 வீதம், மாவட்டக் கோட்டா 55, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5. அந்தப் பதினாறில் பதுளையும் ஒன்று. மாவட்டத்துக்கு இடம் கிடைத்தாலும் அது நகரத்துப் பாடசாலைகளைத் தாண்டி நமுனுகுல, லுணுகலை தோட்டங்களுக்கு எவ்வளவு போகிறது என்று நாமே வயிறு எரிகிறோம். மைதானத்திலும் அதே கதைதான். ஆனால் அங்கே மட்டும் "திறமையில்லை" என்று பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் 10 எடைகள், எடைக்கு 33 பேர். எந்தக் கூட்டமைப்புக்கு எத்தனை இடம் என்பது நிரந்தரமில்லை. அந்தப் பருவத்து வெற்றி வீதம், தரவரிசை எல்லாம் பார்த்து எடைக்கு எடை பிரிக்கிறார்கள். தகுதிப் போட்டியில் தவறிய நல்ல வீரர்களுக்கும் சில இடங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். அவர்களைப் போல நம்மிடம் காசில்லை, சரி. ஆனால் வலயத்துக்குக் கட்டாயம் கிடைக்கும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சம்பியனிடம் தோற்ற பிள்ளைகளுக்கு மாகாணத்தில் மேலதிகமாகச் சில இடங்கள் கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு வேன் கூலி. சிறிய பாடசாலைகளுக்குத் தனியாக ஒரு அணிக் கிண்ணம் வைக்க அதுவும் ஆகாது.

நிறை குறைந்த பிள்ளையும் தன் நிறைக்காரனோடு மட்டும் மோதும் விளையாட்டு இது. கரப்பந்து, கூடைப்பந்தில் உயரம் கேட்பார்கள், இங்கே கேட்பதில்லை. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 18 வயது நெத்மி பொருதொட்டகே 57 கிலோ பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் கொண்டுவந்தார். லயத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எது?

மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குக் கடிதம் தயாராகிறது. உடற்கல்வி சேர்மார், டீச்சர்மார் கையில் கடந்த மூன்று வருட வலய மட்டச் சுற்றுத் தாள்கள் இருந்தால் படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். யார் யாரிடம் எந்தச் சுற்றில் தோற்றார்கள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.